துணி உதற இரண்டு கை வேண்டும்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் கை எப்படி இருக்கிறது, வீக்கம் வடிந்ததா, கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை ஆட்டிப் பார்க்க முடிகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. நலம் விசாரிப்பதற்குக்கூட இந்த முறை எனக்கு வாய் கூசுகிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய், "அம்மா, நேத்து நீ எங்கே இருந்தே?" என்று. சாதாரணமாகத்தான் கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "வீட்லதான்டி இருந்தேன், இந்த முட்டிய வெச்சிக்கிட்டு வேற எங்கே போகப்போறேன்" என்றேன். உன் பக்கத்தில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு "சரிம்மா, முட்டிய பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் அழுது, அன்றைக்கே முடிந்திருக்கும். நீ முட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதுதான் ஒரு வாரமாக என்னை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனைக் கையில் எடுத்தால் என் வாய் தானாகவே இன்னொரு சமாதானத்தைக் கண்டுபிடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் அதையேதான் சொன்னார், "போன்ல பேசினா பாதிய முழுங்கிடுவே, பேனாவை எடு, எழுதினதை முழுங்க முடியாது" என்று. அவர் மூக்குக்கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, செப்புக் கம்பியைச் சுற்றி மாட்டிக்கொண்டு அலைகிறார். மின்சார ஆபீஸில் வேலை பார்த்தவர் என்பதற்காகக் கண்ணாடிக்கும் வயரிங் செய்ய வேண்டுமா என்று கேட்டால் சிரிக்கிறார். குளியலறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது, கொத்தனார் நாளைக்கு நாளைக்கு என்கிறார். பக்கத்து வீட்டுப் பூனை நம் பழைய செய்தித்தாள் கட்டுக்கு மேல் குட்டி போட்டிருக்கிறது, அப்பா அந்தக் கட்டை எடைக்குப் போடக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார். இவ்வளவு எழுதும்போதே பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பாடத்துக்கே வரலியா டீச்சர், மணி அடிச்சிடப் போகுது" என்கிறார். சரி, பாடத்துக்கே வருகிறேன்.

நான் சனிக்கிழமை வீட்டில் இல்லை. உன் ஊரில் இருந்தேன். உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் இருந்தேன். இது உனக்குத் தெரியும் என்பதும், தெரிந்துகொண்டுதான் நீ கேட்டாய் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். கணக்கு வாத்தியார் புத்தி, விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, வழிமுறையையும் காட்ட வேண்டும்.

நம் ஊர்க் கால்பந்துக் குழுவான நீலச்சட்டை அணி மேல் எனக்குப் பைத்தியம் என்று உனக்குத் தெரியும், எவ்வளவு பைத்தியம் என்று தெரியாது. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் பயிற்சி செய்யும் இடம், பந்து என் வகுப்பு ஜன்னல் வழியாக வந்து விழும், நான் திருப்பி எறிவேன், அவ்வளவுதான் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகுதான் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் "சத்தம் போடாதே, சத்தம் போடாதே" என்று சொல்லியே தொண்டை தேய்ந்தவளுக்கு, தொண்டை கிழியக் கத்தலாம், பக்கத்தில் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்று ஓர் இடம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அங்கேதான் மருந்துக்கடைக்காரர் பழக்கமானார், நம் தெரு முனையில் கடை வைத்திருப்பவர், அவர்தான் ரசிகர் சங்கத்துக்குத் தலைவர். பெரிய கொடியைத் தைத்துக் கொடுத்த தையற்காரம்மாவும் பழக்கமானாள். வெளியூர் ஆட்டத்துக்கெல்லாம் ஒரு பஸ் பிடித்துப் போவோம். விடிவதற்கு முன் கிளம்பி, ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க உட்கார்ந்து போய், ஒன்றரை மணி நேரம் ஆட்டம் பார்த்துவிட்டு, அதே மாதிரி உட்கார்ந்து திரும்பி வருவோம். எத்தனை ஊர் போயிருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. பக்கத்து ஊர், பக்கத்து ஊர் என்றே சொல்லிவைத்திருந்தேன்.

எங்கள் சங்கத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அந்த ஊரில் யார் வீட்டு வாசற்படியும் மிதிக்கக் கூடாது. ஒருமுறை மருந்துக்கடைக்காரர் வழியில் மச்சான் வீட்டில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்தார், அன்று கடைசி நிமிடத்தில் தோற்றோம். இன்னொரு முறை தையற்காரம்மா தங்கை வீட்டுக்கு ஒரு ரவிக்கையைக் கொடுக்கப் போனாள், அன்று நம் கோல் கீப்பர் தோளை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து "ஒறவு பாத்தா ஒதை வாங்குவோம்" என்பது பஸ்ஸில் வேதவாக்கு. நாணயத்தை இரண்டு தடவை சுண்டிவிட்டு இரண்டு தடவையும் தலை விழுந்தால், இந்த நாணயத்தில் பூவே கிடையாது என்று சொல்லிவிடலாமா என்று எத்தனை வகுப்பில் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டு "முடியாது டீச்சர்" என்பார்கள். அந்தப் பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் எதற்கு வம்பு என்று இருந்தேன். பிறகு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் செயற்கைப் பல் செய்யும் உன் வேலைக்கூடத்தில் ஈரத் தரையில் நீ வழுக்கி விழுந்தது. வலது மணிக்கட்டு. மெழுகில் பல் செதுக்கும் கை. மறுநாள் நீ போன் செய்து "ஒரு ரெண்டு வாரம் வந்து இரும்மா, வேற எதுவும் வேண்டாம், தலை பின்னிக்க முடியல, ஒரு பாட்டில் மூடியத் திறக்க முடியல" என்றாய். நீ வேலைக்குச் சேர்ந்து தனியாகப் போனதிலிருந்து இது வேண்டும் என்று என்னிடம் கேட்டதே கிடையாது. நான் உடனே காலண்டரைப் பார்த்தேன். இரண்டாவது சனிக்கிழமை உன் ஊரில் நீலச்சட்டைக்கு ஆட்டம். அதில் ஜெயித்தால்தான் மேல் பிரிவில் நிற்கும், இல்லையென்றால் கீழே இறங்கிவிடும். உன் வீட்டில் இருந்துகொண்டே ஆட்டத்துக்குப் போயிருக்கலாமே, நடந்து போகிற தூரம்தானே என்று எந்த மூடனும் கேட்பான். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் வேறு. உறவு வீட்டில் இருந்து கிளம்பிப் போய் அணி தோற்றால் சங்கத்தில் முகம் காட்ட முடியாது. கை ஒடிந்து கிடக்கும் மகளை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்கப் போனால் உன் முகத்தில் விழிக்க முடியாது. இரண்டு முகத்துக்கும் பயந்து மூன்றாவதாக முட்டியைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் நீண்ட பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார், உன் வீட்டில் லிப்ட் இல்லை, மூன்று மாடி எப்படி ஏறுவேன் என்றேன். டாக்டர் சொன்னது என்ன தெரியுமா? "ஒரே இடத்துல உக்காராதீங்கம்மா, நல்லா நடங்க, படி ஏறுங்க." நீ எனக்காக வருத்தப்பட்டாய். வலிக்குத் தேய்க்கும் களிம்பு வேறு வாங்கி அனுப்பினாய், இடது கையால் கோணல்மாணலாக விலாசம் எழுதி. அந்தக் களிம்பை ஆட்டத்துக்குப் போகும்போது பையில் எடுத்துக்கொண்டு போனேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் எடுத்துக்கொண்டுதான் போனேன், பஸ்ஸில் தேய்த்தும் கொண்டேன், நல்ல களிம்பு.

போனை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனேன். நீ கூப்பிட்டு, கூட்டத்தின் சத்தம் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான். அப்பாவிடம், நீ கூப்பிட்டால் அம்மா தூங்குகிறாள் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டு, "எனக்குத் தூங்கறவளத்தான் தூங்கறான்னு சொல்லத் தெரியும்" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனேன். பஸ்ஸில் தையற்காரம்மா என் இரண்டு கன்னத்திலும் நீலக் கோடு போட்டுவிட்டாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். இந்தக் கோட்டோடு யாருக்கும் அடையாளம் தெரியாது என்று ஒரு நிம்மதி.

வெளியூர்க்காரர்களுக்கு அந்த மைதானத்தில் ஒரு மூலை காலரிதான் கொடுப்பார்கள். கம்பித் தடுப்பு போட்டு, வாசலில் காவலாளி நிற்பார். எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. உன் மூன்று மாடியைவிட அதிகப் படி. மருந்துக்கடைக்காரர் "டீச்சரம்மா, பாத்து ஏறுங்க" என்று கை நீட்டினார், நான் அவர் கையைத் தட்டிவிட்டு ஏறினேன். மேலே போய் நின்றதும் முதலில் கண்ணில் பட்டது, எதிரே விளக்குக் கம்பத்தில் தொங்கிய பற்பசை விளம்பரப் பலகை, ஓரம் கிழிந்து பாதிச் சிரிப்போடு ஒரு பெண். நீ புது வீட்டுக்குப் போனபோது பால்கனியில் நின்று படம் எடுத்து அனுப்பினாயே, "பாரும்மா, எங்க போனாலும் பல்லு என்னை விடாது" என்று எழுதி, அதே பலகை. அந்தப் படம் நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. படத்தில் பலகையும் அதற்கு முன்னால் காலரியின் முதுகும் எந்தக் கோணத்தில் இருந்தனவோ அதைத் திருப்பிப் போட்டால் பால்கனி எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும். நான் வேண்டுமென்றே கணக்குப் போடவில்லை. பழக்கதோஷம், தானாகவே போட்டுவிட்டது. எனக்குப் பின்னால், இடது பக்கம், சாம்பல் கட்டடம், மூன்றாவது மாடி. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பால்கனியில் யாரும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. பெற்ற பிள்ளையின் வாசலில் ஆள் இல்லை என்று ஒரு தாய் அப்பாடா என்று நினைத்தாள், அதையும் எழுதிவிட்டேன்.

முதல் பாதியிலேயே கோல் விழுந்தது. நம் ஆள் தலையால் முட்டிப் போட்டான். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை, உனக்குத்தான் நன்றாகத் தெரியும், டிவியில் பார்த்தாயே. குதித்தேனாம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தையற்காரம்மாவைக் கட்டிக்கொண்டு, முட்டி வலிக்காரி குதித்தேனாம். எங்கள் காலரிக்கு நேரே கேமரா இருந்தது எனக்குத் தெரியாது.

இடைவேளை விட்டார்கள். எல்லோரும் கீழே இறங்கி டீ வாங்கப் போனார்கள், நான் மட்டும் மேலேயே நின்றேன். மறுபடி திரும்பிப் பார்த்தேன். இந்தத் தடவை பால்கனியில் ஆள் இருந்தது. முகம் தெரியாத தூரம். ஆனால் ஒரு கை மார்போடு சேர்த்துக் கட்டியிருப்பது தெரிந்தது, வெள்ளையாக. இன்னொரு கையில் நீலமாக ஏதோ ஒரு துணி, பெரிய துணி, அதைத் தலைக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருந்தாய். நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன், பாவம், துவைத்த துணியை உதறிக் காயப்போடுகிறாள் என்று. நம்பு, அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே பார்த்துக்கொண்டு நின்றேன். துணியை நீ கொடியில் போடவே இல்லை. போடாமல் வீசிக்கொண்டே இருந்தாய். சிட்டு, துணி உதற இரண்டு கை வேண்டும். இரண்டு முனையையும் பிடித்தால்தான் உதற முடியும். ஒரு கையில் துணியை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது ஆட்டுவது ஒன்றுதான். ஒரு பிள்ளையிடம் கேட்டால்கூடச் சொல்லிவிடும். எனக்கும் தெரிந்தது. தெரிந்த அந்த நொடியில் என் கை கொஞ்சம் மேலே எழுந்தது, இடுப்பு உயரம் வரைக்கும் வந்திருக்கும். நடுவர் விசில் ஊதினார். இரண்டாவது பாதி. நான் மைதானத்தின் பக்கம் திரும்பிவிட்டேன்.

இதுதான் உனக்குத் தெரியாதது. அம்மா கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும் வரை நான் பின்னால் பார்க்கவே இல்லை, கழுத்தில் ஆணி அடித்த மாதிரி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எவ்வளவு நேரம் ஆட்டினாய் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

ஜெயித்துவிட்டோம். உள்ளூர்க் கூட்டம் கலையும் வரைக்கும் வெளியூர்க்காரர்களைக் காலரியிலேயே நிறுத்திவைப்பார்கள், பிறகு காவலாளிகள் வரிசையாக அழைத்துப்போய் நேரே பஸ்ஸில் ஏற்றுவார்கள். எனக்கு அது நல்ல சாக்காக இருந்தது. வெளியே விடமாட்டார்களே, என்ன செய்வது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாசலில் இருந்த காவலாளியிடம் "என் மகள் வீடு அதோ இருக்கு தம்பி" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விட்டிருப்பாரோ மாட்டாரோ, நான் கேட்கவில்லை. பஸ் கிளம்பியதும் எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். தையற்காரம்மாவுக்கு நீ அந்த ஊரில் இருப்பது தெரியும், கை ஒடிந்ததும் தெரியும், நான்தான் முன்பு எப்போதோ சொல்லியிருந்தேன். அவள் சந்தோஷத்தில் எழுந்து நின்று, "இன்னைக்கு ஜெயிச்சது யாரால தெரியுமா? நம்ம டீச்சரம்மாவால. பொண்ணு கை ஒடிஞ்சி இதே ஊர்ல கெடக்குது, எட்டிக்கூடப் பாக்கல, சட்டத்தக் காப்பாத்தினாங்க" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, மனதாரப் பாராட்டித்தான் சொன்னாள். பஸ் முழுக்கக் கை தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் "டீச்சரம்மாவுக்கு ஒரு ஓ போடு" என்றார், போட்டார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு யாரும் இப்படிக் கை தட்டியதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று கையை ஆட்டினேன். உனக்கு ஆட்டாத கையை.

விடியும்போது வீட்டுக்கு வந்தேன். அப்பா கதவைத் திறந்ததும் "பொண்ணப் பாத்தியா?" என்றார். "எங்கங்க, நேரமே இல்ல, காவலாளி விடல" என்றேன். அவர் என் கன்னத்தைக் காட்டி, "மொதல்ல மூஞ்சியக் கழுவு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு நீ கூப்பிட்டாய், நான் அந்தப் பதிலைச் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார். "அவ பரீட்சை வெச்சா, நீ பெயிலாயிட்டே டீச்சர்" என்றார். அப்புறம்தான் எல்லாம் சொன்னார். சனிக்கிழமை நீ டிவியில் பார்த்ததும் என் போனுக்குக் கூப்பிட்டாயாம், அவர்தான் எடுத்தாராம். "அப்பா, டிவில அம்மா மாதிரியே ஒருத்தங்க குதிக்கறாங்க" என்று நீ சிரித்தாயாம், "மாதிரி என்ன, உங்கம்மாவேதான்" என்றாராம். நீ கோபப்படவில்லையாம். "அடிப்பாவி, என்னை ஆச்சரியப்படுத்த வந்திருக்கா பாருங்கப்பா" என்றாயாம். அவரும், இவ்வளவு தூரம் வந்தவள் ஆட்டம் முடிந்ததும் உன்னிடம்தான் வருவாள் என்று சொன்னாராம். நீ நீலத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவதாகச் சொன்னாயாம். ராத்திரி மறுபடி கூப்பிட்டு "இன்னும் வரலைப்பா, மாடிப்படி விளக்கப் போட்டு வெச்சிருக்கேன், முட்டிய வெச்சிக்கிட்டு இருட்டுல ஏறுவாளே" என்றாயாம். இதைச் சொல்லும்போது அப்பாவின் கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது, கம்பியைச் சரி செய்வது போல வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பவே ஏன் சொல்லல" என்று அவர்மேல் பாய்ந்தேன். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார், அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் வெளியிலேயே அதிகம் போகவில்லை. முந்தாநாள் மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே கடை நிறைய ஆள். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் "வாங்க வெற்றித் தாயே" என்றார். நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன், காலரியில் இருந்து என் பெண்ணைப் பார்த்தேன், அவள் கை ஆட்டினாள், நான் திரும்பிக்கொண்டேன், இனிமேல் அதற்காக யாரும் எனக்குக் கை தட்ட வேண்டாம் என்று. அவர் சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணிக்கொண்டே, "அடுத்த சனிக்கிழமை கோப்பை ஆட்டத்துக்கு வருவீங்கல்ல?" என்றார். மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும், "ஐயையோ, அப்போ தோத்துடுவோமே" என்றார். "தோக்கட்டும்" என்றேன். அதுவரை அந்த அணிக்கு எதிராக ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. ஆனால் சொல்லிவிட்டேன், திரும்ப எடுக்கப்போவதும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே பஸ்ஸில் கிளம்புகிறேன். சங்கத்துப் பஸ் இல்லை, எல்லோரும் போகிற சாதாரண பஸ். அப்பா வரவில்லை, பூனைக்குட்டிகளை யார் பார்ப்பது என்கிறார், உண்மையில் நாம் இரண்டு பேரும் தனியாக இருக்கட்டும் என்று நினைக்கிறார், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார். உன் கட்டுப் பிரித்து நீ மறுபடி மெழுகைக் கையில் எடுக்கும் வரை இருப்பேன். நீ போகச் சொன்னால் போய்விடுவேன், அதற்கும் உனக்கு உரிமை இருக்கிறது. நான் வரும் வரைக்கும் குளிக்கும்போது கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக்கொள். படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை வை. கனமான எதையும் இடது கையாலும் தூக்காதே, ஒரு கைக்கு இரண்டு கை வேலை கொடுத்தால் அதுவும் படுத்துவிடும். தலையைப் பின்னாமல் விட்டுவை, சிக்கு விழுந்தாலும் பரவாயில்லை, நான் வந்து எடுக்கிறேன். மாடிப்படி விளக்கைப் போட்டு வைக்க வேண்டாம். பகலில்தான் வருவேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் நீ போன் செய்து "பரவால்லைம்மா, விடு" என்று சொல்வாய், உன் மனசு அப்படி. தயவுசெய்து அப்படிச் சொல்லாதே. நான் வகுப்பில் என்ன செய்வேன் என்று நினைவிருக்கிறதா? எனக்குத் தெரிந்ததையே ஒரு பிள்ளையிடம் கேட்பேன், பொய் சொன்னால் திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன், மறுநாள் அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு முறை கேட்பேன். முதல் தடவை பயம் பதில் சொல்லும், இரண்டாவது தடவைதான் பிள்ளை பதில் சொல்லும். சின்ன வயதில் அப்பாவின் கண்ணாடியை உடைத்துப் பழைய ஷூவுக்குள் நீ ஒளித்து வைத்தபோதும் உன்னிடம் இரண்டு தடவைதான் கேட்டேன். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்த அந்த இரண்டாவது தடவை எனக்கும் வேண்டும். எழுதியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று நினைக்காதே. எழுதுவது என் வீட்டு மேசையில், நீ இல்லாத இடத்தில். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வது வேறு.

உன் கை நன்றாக ஆறி, அதே கை சீராக நூறு பேருக்குச் சிரிப்பைச் செய்து கொடுக்கட்டும். நீ நன்றாக இரு. என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அதை வாங்கிக்கொள்ளும்படியாக நான் நடந்துகொள்ளவில்லை என்றாலும். வெள்ளிக்கிழமை நான் கதவைத் தட்டும்போது, திறந்ததும் "உள்ளே வா" என்று சொல்லாதே. என் பையை வாங்காதே. "அம்மா, அன்னைக்கு நீ எங்கே இருந்தே?" என்று இன்னொரு முறை கேட்டுப் பார்.

உன்
அம்மா